சோற்றுப் பருக்கையால் ஒட்டிய கடிதம்

மன்னித்து விட்டுவிடு என்று எனக்குச் சொல்லாத ஆளே நம் செட்டில் இல்லை. காலையில் கோட்டைப் பக்கம் சேர்ந்து நடக்கிறோமே, அப்போதும் அதே பேச்சுதான். வயசாயிடுச்சு, எல்லாத்தையும் இறக்கி வை என்கிறீர்கள். இறக்கி வைக்க இது என்ன மல்லாட்டை மூட்டையா? ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சுமக்கிறேன். என்ன சுமக்கிறேன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு அப்புறம் உபதேசம் செய்யுங்கள்.

எனக்கு அப்போது பதினோரு வயது. ஐப்பசி மாதம். மலையடியிலிருந்து சீத்தாப்பழம் கூடை கூடையாக பஜாரில் வந்து இறங்கும் காலம். நைனா செஞ்சி பஜாரில் ஒரு மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அதே மண்டியின் களத்தில் கடலை புடைக்கிற வேலை. ஒரு நாள் முறத்திலிருந்து தெறித்த மல்லாட்டை ஓடு அவள் இடது கண்ணில் குத்திவிட்டது. தெருவில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி தாய்ப்பால் பீய்ச்சி விட்டாள். யாரோ நந்தியாவட்டைப் பூ வைக்கச் சொன்னார்கள். கண் முதலில் சிவந்தது, பிறகு கருவிழிக்குள் பால் ஊற்றியதுபோல் வெளுத்துப்போனது. செஞ்சி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அடிபட்டு புரை விழுந்திருக்குது. பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணுங்க. லேட் பண்ணா கண்ணு போயிடும்" என்றார்.

பட்டணத்தில் எங்களுக்கு யாரைத் தெரியும்? நைனா மண்டி முதலாளியிடம் போய் நின்றார். முதலாளி தீபாவளிச் சரக்கு வாங்க வருஷா வருஷம் பட்டணம் போகிறவர். அவருக்கு மட்டுமல்ல, செஞ்சி பஜார் கடைக்காரர்கள் எல்லோருக்கும் கொத்தவால் சாவடி பக்கத்துச் சந்தில் வழக்கமான லாட்ஜ் ஒன்று இருந்தது. வாடகை கம்மி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் முகம் தெரியாத ஆளுக்கு அங்கே ரூம் கிடையாது. பஜார்க்காரர் ஒருவர் கைப்பட நாலு வரி எழுதிக் கொடுத்தால்தான் மேனேஜர் சாவியை எடுப்பார். அதுதான் பழக்கம்.

முதலாளி மறுபேச்சு பேசாமல் எழுதிக் கொடுத்தார். நான் நைனா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை இங்க். அழகான குண்டு எழுத்து. எழுதி முடித்து மடித்துக் கவரில் போட்டார். கோந்து தீர்ந்துபோயிருந்தது. தன் சாப்பாட்டு கேரியரைத் திறந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கி ஒட்டினார்.

"மேனேஜர் கையில குடு. அவரு எல்லாம் பாத்துப்பாரு. நீ ஒண்ணும் பேச வேணாம்."

நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி அந்தக் கவரை வாங்கினார். வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியில், அம்மாவின் கல்யாணப் புடவை மடிப்புக்குள் வைத்தார். அவருக்கு எழுத்து தெரியாது. நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன்.

"பிரிச்சுப் படிக்கட்டுமா நைனா?"

"இன்னாது? அடுத்தவங்க லெட்டரப் பிரிக்கிறதா? பெரிய மனுசன் நம்மள நம்பிக் குடுத்திருக்காரு."

பருக்கை இன்னும் காயவில்லை. நகத்தால் ஒரு நெம்பு நெம்பியிருந்தால் போதும். நெம்பவில்லையே என்ற ஆத்திரம் இன்றைக்கும் எனக்கு அடங்கவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் அம்மா என் தலையில் சீத்தாக்கொட்டைப் பொடி தேய்த்தாள். உங்களுக்கும் தேய்த்திருப்பார்கள். பேனுக்கு அதுதானே நமக்கு மருந்து. கொட்டையை வெயிலில் காயவைத்து, இடித்து, எண்ணெயில் குழைத்து, பிள்ளையின் கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் தேய்ப்பார்கள். "கண்ணுல பட்டுது, அவ்ளோதான்டி, நெருப்ப அள்ளிக் கொட்டினா மாதிரி எரியும். பார்வையே போயிடும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள். ஒரு தடவை தேய்த்தால் ஈர் சாகாது. அதனால் மிச்சப் பொடியைப் பொட்டலம் கட்டித் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். பட்டணத்துக்காரர்கள் முன்னால் பெண் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கக் கூடாதாம்.

லாட்ஜ் மேனேஜர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு கடிதத்தைப் படித்தார். பிறகு எங்களைப் பார்த்தார். மறுபடியும் கடிதத்தைப் பார்த்தார். மடித்து மேசை டிராயரில் போட்டார். அவருக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் பித்தளை வில்லை, அதில் நம்பர். அதில் ஒன்றைத் தருவார் என்று ஆசையாகக் கையை நீட்டினேன். அவர் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். அதில் ஒரு தகர டப்பா மூடி கட்டியிருந்தது. நம்பர் இல்லை.

எங்கள் ரூம் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. துடைப்பமும் பினாயிலும் வைக்கிற இடம். கூரை படிக்கட்டோடு சரிந்து இறங்கியது. நைனா ஒரு மூலையில் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். பக்கத்துக் கோடவுனிலிருந்து வெங்காய நாற்றமும் ஈரச் சாக்கு நாற்றமும் வரும். பொய் சொல்வானேன், எனக்கு அந்த ரூம் முதலில் பிடித்திருந்தது. மேலே ஏறுகிறவர் குண்டா ஒல்லியா, செருப்பா ஷூவா என்று படியில் கேட்கும் சத்தத்தை வைத்து நானும் அம்மாவும் பந்தயம் கட்டுவோம். அம்மாதான் ஜெயிப்பாள்.

மேனேஜர் ஒரு பக்கெட்டும் இரண்டு அலுமினிய டம்ளரும் கொண்டுவந்து வெளியே வைத்தார். பக்கெட்டில் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு.

"உங்களுக்கு இதுதான். வேற எதையும் தொடாதீங்க. போறது வர்றதெல்லாம் பின்சந்து வழியா. ஹாலுக்குள்ள வரப்படாது."

அவர் போனதும் நைனா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, நமக்குன்னு தனியா பக்கெட்டு, தனியா டம்ளரு! எல்லாம் மொதலாளி லெட்டரு பண்ற வேல."

நிஜமாகவே அப்படி நினைத்தாரா, எங்களுக்காக அப்படிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மேனேஜருக்கென்று ஊரிலிருந்து ஒரு கூடை சீத்தாக்காய் சுமந்து வந்திருந்தார். வைக்கோல் போட்டு, மூன்றாம் நாள் பழுக்கிற பதமாகப் பார்த்துப் பறித்தது. "அங்க ஓரமா வையி" என்றார் மேனேஜர். நாலாம் நாள் அது அத்தனையும் பழுத்து வெடித்துப் பின்சந்துச் சாக்கடையில் கிடந்தது. நைனா அதைத் தாண்டித்தான் வந்தார்.

பின்சந்துக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஆள் போகிற கதவே இல்லை. கோடவுனுக்கு மூட்டை தள்ளுவதற்காக வைத்தது. என் நெஞ்சு உயரம்தான் இருக்கும். நானே தலையைக் குனிந்துதான் நுழைவேன். பெரியவர்கள் இடுப்பை இரண்டாக மடித்து நுழைய வேண்டும்.

அம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எட்டாம் நாள் வார்டிலிருந்து அனுப்பினார்கள். தையல் பிரிக்கும்வரை பக்கத்திலேயே தங்கி, தினமும் வந்து மருந்து போட்டுக்கொள்ள வேண்டும். டாக்டரம்மா கட்டைப் பிரித்து, வலது கண்ணைப் பொத்தி விரலைக் காட்டினார்.

"எத்தனை?"

"மூணு. அது மட்டுமில்லீங்க, எம் பொண்ணு செவப்பு ரிப்பன் கட்டியிருக்குது. ஒரு பக்கம் அவுந்து தொங்குது" என்றாள் அம்மா.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "பதினஞ்சு நாளைக்குத் தலை குனியவே கூடாது. கீழ விழுந்த காசைக்கூட எடுக்கக் கூடாது. குனிஞ்சா தையல் விட்டுடும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். இதை அம்மாவுக்கு ஒரு தடவை, நைனாவுக்கு ஒரு தடவை, எனக்கு ஒரு தடவை சொன்னார்.

அன்றைக்கு நல்ல மழை. நைனா ஆஸ்பத்திரியிலேயே மருந்து வாங்க வரிசையில் நின்றார். நான் அம்மாவைக் கையைப் பிடித்து லாட்ஜுக்குக் கூட்டி வந்தேன். பின்சந்தில் முழங்கால் வரை தண்ணீர். அந்தக் கதவு வேறு. தலை குனியக் கூடாது என்று மூன்று தடவை சொன்ன சொல் என் காதில் நின்றது. அம்மாவை முன்வாசல் வழியாக ஹாலுக்குள் அழைத்துப் போனேன். பாதி தூரம் போயிருப்போம்.

"ஏய், நில்லு! யாரு உன்ன இப்படி வரச் சொன்னது?"

மேனேஜர் எழுந்து வந்து வழியை மறித்தார். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த வியாபாரிகள் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கண்ணு ஆபரேசன் பண்ணியிருக்குதுங்க. குனியக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இன்னைக்கு மட்டுங்க" என்றாள் அம்மா.

"இன்னைக்கு விட்டா நாளைக்கும் வருவீங்க. இங்க தங்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும். திரும்பு. பின்னால வா."

"மழ பெய்யுதுங்க" என்றேன் நான். அழுதுவிட்டேன்.

"வாடி, பரவால்ல" என்று அம்மா என் தோளைத் திருப்பினாள். வாசலைத் தாண்டியதும் பின்னால் சளார் என்று சத்தம். திரும்பிப் பார்த்தேன். அம்மா நடந்த இடத்தில் மேனேஜர் பக்கெட்டால் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். ஆனாலும் நிறுத்தவில்லை.

பின்கதவில் அம்மா தலையைக் குனியாமல் நுழையப் பார்த்தாள். முதலில் உட்கார்ந்து நகர்ந்தாள். முடியவில்லை. மண்டியிட்டு, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு காலை உள்ளே வைத்தாள். ஈரத்தில் கால் வழுக்கியது. தலை முன்னால் போய் நிலையில் மோதியது. "ஐயோ என் கண்ணு" என்று ஒரே ஒரு சத்தம்தான் போட்டாள். வெள்ளைக் கட்டில் ரத்தம் காசளவு தெரிந்தது, பிறகு கை அகலம் ஆனது.

"ஒரு தடவ சொன்னா உங்களுக்கெல்லாம் புரியாதா?" என்று டாக்டரம்மா நைனாவைத்தான் திட்டினார். நைனா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை நெரித்தாள். மூன்று நாள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். நாலாம் நாள் டாக்டரம்மா வலது கண்ணைப் பொத்தி மூன்று விரலைக் காட்டினார். அம்மா சும்மா இருந்தாள். என் ரிப்பனும் அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலை மேனேஜர் பின்கட்டுக் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தார். தினமும் குளித்து, முகத்தை அழுத்தித் துடைத்து, விபூதி பூசிக்கொண்டுதான் கல்லாவில் உட்காருவார். சுவர் ஆணியில் அவருடைய துண்டு தொங்கியது. அவர் தலைக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிய நேரம், பொட்டலம் முழுவதையும் அந்தத் துண்டின் நடுவில் கொட்டித் தேய்த்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். தெரிந்துதான் செய்தேன். பார்வை போய்விடும் என்று அம்மா சொன்னதை நினைத்துக்கொண்டுதான் செய்தேன். குழந்தைக்கு என்ன தெரியும் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசாதீர்கள்.

அலறல் கேட்டது. எனக்கு இனித்தது.

ஆனால் நைனா எழுந்து ஓடினார். கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்ட மேனேஜரை மடியில் கிடத்தி, எங்கள் சிவப்புக் கோட்டுப் பக்கெட்டிலிருந்து எங்கள் அலுமினிய டம்ளரால் மொண்டு மொண்டு கண்ணில் ஊற்றினார். பிறகு அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, முன்வாசல் வழியாகவே கூட்டிப்போய் ரிக்‌ஷாவில் ஏற்றினார். எந்த ஆஸ்பத்திரிக்கு? அம்மா போகிற அதே ஆஸ்பத்திரிக்கு. அவளும் மருந்து போட அன்றைக்குப் போக வேண்டும் என்று எங்களையும் ஏற்றிக்கொண்டார்.

மருந்து விட்டு, இரண்டு கண்ணையும் கட்டி, மேனேஜரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் அம்மா. "பயப்படாதீங்க. கண்ண கசக்காம அப்படியே இருங்க, எரிச்சல் அடங்கிடும்" என்று அவருக்குத் தைரியம் சொல்கிறாள்! நைனா சீட்டு வாங்கப் போனார். அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். நானும் அவரும் மட்டும் இருந்தோம்.

"எங்கம்மா கண்ணு உன்னாலதான் போச்சு" என்றேன்.

குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "பொண்ணா? என்னாலயா? நான் இன்னாம்மா பண்ணேன்? உங்க மொதலாளி எழுதினத செஞ்சேன். வருசா வருசம் பஜார்க்காரங்கள கூட்டிட்டு வர்றவரு. அவரு பேச்ச மீறினா என் வேல போயிடும். லெட்டரு அந்த டிராயர்லதான் கெடக்குது. போய்ப் பாத்துக்கோ."

போய்ப் பார்த்தேன். கல்லாவில் ஆள் இல்லாத நேரம் எடுத்துக்கொண்டுபோய், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து படித்தேன். பச்சை இங்க். குண்டு எழுத்து. இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன்.

"மேனேஜர் அவர்களுக்கு. இதைக் கொண்டுவருபவன் நம் மண்டியில் மூட்டை தூக்குபவன். காலனி ஆள். பெண்சாதிக்குக் கண் ஆபரேஷன். நாம் தங்கும் மாடி அறைகளில் விட வேண்டாம். படிக்கு அடியில் உள்ளதைக் கொடுக்கவும். பக்கெட், டம்ளர் தனியாக வைக்கவும். ஹால் வழியாக விட வேண்டாம், பின்கதவு போதும். தீபாவளிக்கு நாங்கள் வந்து புழங்க வேண்டிய இடம். மற்றபடி நல்ல உழைப்பாளி, திருட மாட்டான்."

இதைத்தான் நைனா கல்யாணப் புடவைக்குள் வைத்துச் சுமந்து வந்திருந்தார். எனக்கு அப்போது வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? இருந்த பொடி முழுவதையும் தப்பான ஆளுக்குச் செலவழித்துவிட்டேனே என்பதுதான். மேனேஜருக்கு நாலு நாளில் பார்வை சரியாகிவிட்டது. அவருக்குச் செய்ததில் பாதி தப்பு. பாதிதான். தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லி லெட்டரில் எழுதியிருக்கவில்லை.

ஊருக்குத் திரும்புகிற அன்று அம்மா துணிப்பையைத் துழாவினாள்.

"பொட்டலம் எங்கடி?"

"தலைக்குப் போட்டுட்டேன்."

அம்மா என் தலையைப் பிடித்து இழுத்து மடியில் சாய்த்தாள். ஒற்றைக் கண்ணால் பார்த்து ஒரு பேனை எடுத்தாள். உயிருள்ள பேன். நகத்தில் வைத்து நசுக்கினாள். "இத யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாத" என்றாள். அவள் சாகும்வரை நான் சொல்லவில்லை.

எடுத்து வந்து ஒளித்துவைத்த கடிதத்தைப் பற்றியும் சொல்லவில்லை. நைனாவுக்காகத்தான். அவர் அதே மண்டியில் இன்னும் முப்பது வருஷம் மூட்டை தூக்கினார். "மொதலாளி அன்னைக்கு லெட்டர் குடுக்கலன்னா பட்டணத்துல நடுத்தெருவுல நின்னிருப்போம்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கு நர்ஸ் வேலை கிடைத்தபோது முதலாளி காலில் விழச் சொன்னார். நைனாவின் முகத்துக்காக விழுந்தேன். குனியும்போது எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகம் வந்தது.

கண் வார்டிலேயே வேலை கேட்டு வாங்கினேன். முப்பத்தைந்து வருஷம் அங்கேயே கிடந்தேன். கட்டோடு வீட்டுக்குப் போகிற ஒவ்வொருத்தரிடமும் "வீட்டு வாசப்படி எவ்வளவு ஒசரம்?" என்று கேட்பேன். புது டாக்டர்கள் சிரிப்பார்கள். போன தை மாதம் நைனா போய்ச் சேர்ந்தார். முதலாளி மாலை அனுப்பியிருந்தார். எல்லாம் முடிந்ததும் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்து வெளியே வைத்தேன். இனி யார் முகத்துக்காகவும் நான் பொறுக்க வேண்டியதில்லை.

நான் தேடிப் போகவில்லை. போன மாதம் முதலாளியே வந்தார். தொண்ணூறு வயது இருக்கும். மகன் கையைப் பிடித்துக்கொண்டு தடவித் தடவி என் வீட்டு முன்வாசல் வழியாக வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் டம்ளரில் தண்ணீர் குடித்தார்.

"சிஸ்டர், அப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை முத்திடுச்சு. கைய அசைச்சாதான் தெரியுது. ஆபரேஷன்னா பயப்படறாரு. நீங்க உங்க டாக்டருக்கு ஒரு லெட்டர் குடுத்தா தைரியமா போவாரு" என்றார் மகன்.

கிழவர் சிரித்தார். "உங்க நைனா மாதிரி விசுவாசமான ஆளு இனிமே பொறக்க மாட்டாம்மா. உங்கம்மாவுக்குக் கண்ணு முடியாதப்ப நான்தான் பட்டணத்துக்கு லெட்டர் குடுத்து அனுப்பினேன். ஞாபகம் இருக்குதா?"

"நல்லா ஞாபகம் இருக்குதுங்க" என்றேன்.

நீங்கள் பயப்படுவது புரிகிறது. அந்தக் கண்ணுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. என் கையோடு வேலை பழகிய டாக்டர் ஒருத்தர் இருக்கிறார், ஊசி முனையில் கோலம் போடுகிற கை. அவருக்கு நல்லபடியாக எழுதினேன். போனும் செய்தேன். பெரியவருக்குப் பார்வை தெளிவாக வர வேண்டும், எனக்கு வேண்டிய ஆள் என்று சொன்னேன். பொய் இல்லையே. எனக்கு ரொம்ப வேண்டிய ஆள்தான்.

பிறகு உள்ளே போய், அந்தப் பழைய கடிதத்தை அதன் மடிப்பிலேயே மடித்து ஒரு புதுக் கவரில் போட்டேன். வீட்டில் கோந்து இருந்தது. இருந்தாலும் சோற்றுப் பானையைத் திறந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கி ஒட்டினேன். இரண்டாவது கவரை மகன் தயங்கித் தயங்கி வாங்கினார்.

"இது டாக்டருக்கு இல்லீங்க, பெரியவருக்கு. கட்டு பிரிச்சப்புறம் அவரே தன் கண்ணால படிக்கணும். வேற யாரும் படிச்சுக் காட்டக் கூடாது."

"இன்னாம்மா எழுதியிருக்க?" என்றார் கிழவர். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"உங்களுக்குத் தெரிஞ்ச சேதிதாங்க" என்றேன்.

கவரை மடியில் செருகி, அதைத் தடவிக்கொண்டே போனார்.

நேற்று மத்தியானம் டாக்டர் போன் செய்தார். இரண்டு கண்ணும் பிரமாதமாக வந்திருக்கிறது, இன்றைக்குத்தான் கண்ணாடி கொடுத்தோம், பஞ்சாங்கத்துச் சின்ன எழுத்தைக்கூடத் தடுமாறாமல் படிக்கிறார் என்றார்.

"கையெழுத்து படிக்க வருமா டாக்டர்? பழைய பச்சை இங்க், கொஞ்சம் மங்கியிருக்கும்."

"தாராளமா படிப்பாரு சிஸ்டர். இப்பவே ஏதோ ஒரு கவரப் பிரிச்சு வெச்சுக்கிட்டுதான் ஒக்காந்திருக்காரு" என்றார்.